நீல நாக்கு

1

போன புதன்கிழமை என் மகள் மதி என்னிடம் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டாள். நான் கேட்கவேயில்லை, அவளாகவே வந்து சொன்னாள். அவளுக்குப் பதினோரு வயது. நார்வே நாட்டின் மேற்குக் கரையில், பெர்கன் என்ற ஊரில், ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். வருடத்தில் பாதி நாளுக்கு மேல் மழை பெய்கிற ஊர் இது. நாங்கள் இங்கே வந்து இந்த மாதத்தோடு பத்து வருடம் முடிகிறது. குடை வாங்குவதை நிறுத்தி ஒன்பது வருடம் ஆகிறது. இங்கத்திய காற்றில் எந்தக் குடையும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கியதில்லை.

அன்று பள்ளியில் பிள்ளைகளிடம் ஒரு சுகாதாரக் கணக்கெடுப்பு நடந்திருக்கிறது. பெயர் எழுத வேண்டியதில்லை. எத்தனை மணிக்குத் தூங்குகிறாய், காலையில் சாப்பிட்டாயா, கூடப் படிக்கிறவர்கள் உன்னைத் துன்புறுத்துகிறார்களா என்று போகிற கேள்விகளின் நடுவில் ஒன்று: போன வாரம் எத்தனை நாள் வீட்டுப் பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்து மாலைச் சாப்பாடு சாப்பிட்டாய்?

“நான் ஏழு நாளும் எண்டு போட்டனான்,” என்றாள் மதி.

அவர்கள் கேட்ட அந்த வாரம் அவள் அப்பா கடலில் இருந்தார். சரக்குக் கப்பலில் எஞ்சினியர். நான்கு வாரம் கப்பல், நான்கு வாரம் வீடு. அவர் கரையில் இருக்கும்போது சமையலும் அவர்தான், மகளோடு சாப்பிடுவதும் அவர்தான். இந்த நாட்டில் இரவுச் சாப்பாட்டை மாலை ஐந்து மணிக்கே முடித்துவிடுகிறார்கள். நமக்கு அது காப்பி குடிக்கிற நேரம். பத்து வருடத்தில் இவர்களுடைய பனியையும் பாலாடைக்கட்டியையும் பழகிக்கொண்ட எனக்கு இந்த ஐந்து மணி மட்டும் ஒத்துவரவில்லை. மதிக்கு ஆறு மணிக்குக் கைப்பந்துப் பயிற்சி. நான் காலையில் செய்து வைத்துவிட்டுப் போவதைச் சூடாக்கி, தனியாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாள். நான் ஆறரைக்கு வருவேன். எட்டு மணிக்கு அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுவேன். அந்த வாரம் நாங்கள் இருவரும் சேர்ந்து சாப்பிட்டது சனியும் ஞாயிறும்தான்.

ஏன் அப்படிப் போட்டாய் என்று கேட்டேன். தொடங்கும் முன்பே ஆசிரியை, இந்தப் பதில்களெல்லாம் பல்கலைக்கழகத்துக்குப் போகும் என்று சொல்லிவிட்டாராம். என் வேலை அங்கேதான்.

“உங்கட ஒஃபீசுக்குத்தானே போகும். உங்களோட வேலை செய்யிற ஆக்கள் பார்த்தா உங்களுக்கு வெட்கமெல்லோ,” என்றாள்.

அவள் தமிழைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நான் போடிநாயக்கனூருக்குப் பக்கத்தில் சிலமலைக்காரி. ஆனால் இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை நடத்துகிறவர்கள் யாழ்ப்பாணத்து மக்கள். அவர்கள் இல்லையென்றால் மதிக்குத் தமிழே இல்லை. அதனால் என் வயிற்றில் பிறந்த பிள்ளை ஆமா என்று சொல்லாமல் ஓம் என்று சொல்கிறது. என்னை நீங்கள் என்று கூப்பிடுகிறது. எங்கள் ஊரில் பெற்ற தாயை நீங்கள் என்று கூப்பிட்டால், ரெண்டு பேருக்கும் ஏதோ சண்டை என்று அர்த்தம்.

அவளைத் திட்டத் தோன்றவில்லை. இப்படி ஒரு பொய்யை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

2

என் வேலை என்ன என்று ஊரில் யாருக்கும் ஒழுங்காகச் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. அப்பா கேட்பவர்களிடமெல்லாம் “நர்சு” என்று சொல்லிவைத்திருக்கிறார். ஊர்களிலும் பள்ளிகளிலும் நடக்கிற சுகாதாரத் திட்டங்களைப் பற்றி உலகெங்கும் எழுதப்பட்ட ஆய்வுகளைத் தேடி எடுத்து, படித்து, எது பலன் தந்தது, எது தரவில்லை என்று பிரித்து வைக்கிற வேலை. கை கழுவச் சொல்லிக் கொடுத்தார்களா, பழம் கொடுத்தார்களா, பல் தேய்க்க வைத்தார்களா, சத்து மாத்திரை கொடுத்தார்களா, அதனால் பிள்ளைகளுக்கு ஏதாவது மாறியதா? திரையில் ஒரு அட்டவணை. ஒரு பத்தி ‘பலன் உண்டு’. இன்னொரு பத்தி ‘பலன் இல்லை’. புதிதாகத் திட்டம் தொடங்க நினைக்கிறவர்கள் இந்த அட்டவணையைப் பார்த்துத்தான் பணம் ஒதுக்குகிறார்கள். ‘பலன் இல்லை’ பத்தியில் விழுந்த ஒன்றை யாரும் மறுபடி எடுப்பதில்லை.

எங்கள் குழுவின் தலைவி பெரித். அறுபதை நெருங்குகிறவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் வீண் வார்த்தை இருக்காது. வியாழக்கிழமைகளில் தன் கையால் சுட்ட ஏலக்காய் பன் கொண்டுவருவார். முதல் வருடம் நான் அவரிடம் பாக்கெட்டைக் கொண்டுவரச் சொல்லி, எங்கள் மலை ஏலக்காயா என்று திருப்பிப் பார்த்தேன். குவாத்தமாலா. அன்றிலிருந்து அந்தப் பன்னைச் சின்னக் கோபத்தோடுதான் தின்கிறேன்.

மதி பொய்யை ஒப்புக்கொண்ட மறுநாள், பன் வாசனையோடு, என் வரிசையில் அடுத்த அறிக்கையைத் திறந்தேன். ஒரு தொண்டு நிறுவனம் பல வருடங்களுக்கு முன் எழுதியது. தென் தமிழ்நாட்டில் மலையடிவாரப் பள்ளிகளில் வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: மாத்திரை விழுங்கப்பட்டதைக் களப்பணியாளர்கள் நேரில் பார்த்து உறுதி செய்தனர். கடைசிப் பக்கத்தில் முடிவு: மாத்திரைகள் தவறாமல் உட்கொள்ளப்பட்டும் பெண்களின் ரத்தத்தில் முன்னேற்றம் இல்லை, எனவே இந்த முறையைத் தொடரப் பரிந்துரைக்க இயலாது.

நிறுவனத்தின் பெயரை மறுபடி வாசித்தேன். அந்தக் களப்பணியாளர்களில் ஒருத்தி நான்.

3

கல்யாணத்துக்கு முந்தின வருடம் அது. படிப்பு முடித்து, போடியில் அந்த நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். வாரம் ஒரு நாள், சத்துணவு முடிந்ததும், எனக்கு ஒதுக்கிய பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு நீல நிற மாத்திரை கொடுப்பேன். ஒவ்வொருத்தியும் விழுங்குவதைப் பார்த்து ஏட்டில் குறிக்க வேண்டும். அறுபது பிள்ளைகள். ஒருத்திக்குத் தண்ணீர் இல்லை, ஒருத்திக்கு வாந்தி வருகிறது, ஒருத்தி சிரித்துச் சிரித்தே நேரத்தைக் கடத்துகிறாள். பாதிக்குள் மணி அடித்துவிடும்.

மூன்றாவது வாரம் எனக்கு ஒரு யோசனை வந்தது. மாத்திரையின் மேல்பூச்சு நாக்கில் ஒட்டுகிறது, நாவல் பழம் தின்ற மாதிரி நாக்கு நீலமாகிறது. அப்புறமென்ன, மாத்திரையைக் கொடுத்துவிட்டு எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து நாக்கை நீட்டச் சொன்னால் போதும். நீலமாக இருந்தால் ஒரு குறி. ஐந்து நிமிடத்தில் அறுபது பேர் முடிந்தது. மாதக் கூட்டத்தில் மேற்பார்வையாளர் என்னை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார். மற்றப் பள்ளிகளிலும் அதே முறை வந்தது. அந்தச் சின்ன வயதில் எனக்கு அது தலைகால் புரியாத பெருமை.

மாத்திரையை ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றி விழுங்குகிறவளுக்கு நாக்கு அவ்வளவு நீலமாகாது. வாயில் வைத்துச் சப்பினால்தான் ஆகும். இது ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அறுபது சின்னப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

நாலு மாதம் போயிருக்கும். ஒரு நாள் ஏட்டில் குறிக்கப் பேனா மை தீர்ந்துவிட்டது. முன் வரிசையில் ஈஸ்வரி என்ற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. அவள் ஜாமெட்ரி பாக்சைத் திறந்து நானே ஒரு பென்சிலை எடுத்தேன். உள்ளே நோட்டுத் தாளில் சுருட்டிய பொட்டலம். பிரித்தால் வெள்ளையாக ஒரு மாத்திரை, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நீலம். அவளைப் பார்த்தேன். அவள் நாக்கு அப்போதுதான் என்னிடம் குறி வாங்கியிருந்தது.

வகுப்புக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கூட்டிப் போய்க் கேட்டேன். அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அம்மாவுக்குக்கா. மலையில காயெடுக்கும்போது கிறுகிறுன்னு வந்து விழுந்துருதாம். அட்டை வேற பாதி ரத்தத்தக் குடிச்சுருது. இன்னொருக்கா விழுந்தா வர வேணாம்னு கங்காணி சொல்லிட்டாராம்.”

எல்லாருமா இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். வகுப்புக்குள் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். அதுவே பதிலாக இருந்தது.

அந்தப் பெண்களை எனக்குத் தெரியும். என் அப்பா பெருமாள் ஜீப் ஓட்டினார். ஏலக்காட்டு வேலைக்குச் சிலமலை பக்கத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மலைக்குப் போய், சாயங்காலம் இறக்கிவிடுவார். இடுப்பில் பிளாஸ்டிக் சாக்கைக் கட்டிக்கொண்டு, செடியின் வேரடியில் நாள் முழுக்கக் குத்தவைத்துக் காய் பறிக்கிற வேலை அது. வெளுத்த உதடும் வெளுத்த நகமுமாக அவர்கள் ஜீப்பைப் பிடித்துப் பிடித்து இறங்குவதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோதே பார்த்திருக்கிறேன். வயிற்றில் பிள்ளை இருந்தால்தான் அவர்களுக்கு அரசாங்கத்து இரும்புச்சத்து மாத்திரை. இல்லையென்றால் போடி ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும், அதற்கு ஒரு நாள் வேலை போகும்.

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று ஈஸ்வரிக்கு வாக்குக் கொடுத்தேன். உள்ளே வந்து ஏட்டில் அறுபது குறியும் போட்டேன். அடுத்த வாரமும் போட்டேன். வருடம் முடிகிற வரைக்கும் போட்டேன்.

இரக்கத்தால் அப்படிச் செய்தேன் என்று இத்தனை வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிதான் உண்மை. எல்லாரும் பாராட்டிய முறை தப்பு என்று எழுந்து நின்று சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. அது மீதிப் பாதி. வருடக் கடைசியில் பிள்ளைகளுக்கு ரத்தம் பார்த்தார்கள். முன்பு இருந்த மாதிரியேதான் இருந்தது. வேறெப்படி இருக்கும்? அதற்குள் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அந்தப் பள்ளிகளில் மாத்திரை நின்றுபோன செய்தி, என் கல்யாணத்துக்கு வந்த ஒருவர் வாயால்தான் எனக்குத் தெரிந்தது. வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னார். நான் பட்டுப்புடவையில் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன்.

4

இப்போது அந்த அறிக்கை என் திரையில். நான் பேசாமல் இருந்தால் ‘பலன் இல்லை’ பத்தியில் போய் விழும், யாரும் கேட்கமாட்டார்கள். சொன்னால், பொய்க் குறி போட்டவள் என்று என் அலுவலகத்துக்கு நானே சொன்னதாகும். என் ஒப்பந்தம் கோடையில் முடிகிறது. நிரந்தரமாக்குவதா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். வேலை போனால் விசாவிலிருந்து வீட்டு வாடகை வரை எல்லாம் ஆடும்.

அதைவிடப் பெரிய முடிச்சு ஒன்று இருந்தது. ஈஸ்வரிக்குக் கொடுத்த வாக்கு. அவளைக் கேட்காமல் வாய் திறக்கக் கூடாது என்று நினைத்தேன். அவள் எங்கே இருக்கிறாள் என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த ஒரே இலாகா என் அப்பாதான்.

இலாகா என்றதும் நினைவு வருகிறது. இந்த ஊரில் குடும்பப் பெயர் இல்லாத மனிதர் இருக்க முடியாது. பெ. கவிதா என்று சான்றிதழோடு வந்த என்னை, முதல் வாரமே ஒரு அலுவலகத்தில் திருமதி பெருமாள் ஆக்கிவிட்டார்கள். பெருமாள் என் புருஷன் இல்லை, அப்பா என்று படிவம் படிவமாக எழுதிக் கொடுத்தும் மாறவில்லை. போன வருடம், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரும்படி அரசாங்கத்திடமிருந்து பெருமாளுக்குக் கடிதம் வந்தது. போனில் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். நிதானமாகக் கேட்டார்.

“இம்புட்டுத் தூரம் நான் வெரசா வர முடியாது ஆத்தா. எனக்குப் பதிலா நீயே போயிட்டு வந்துரு,” என்றார்.

அப்பா ஜீப்பை விற்றுவிட்டார். ஆனாலும் யார் மகள் எந்த ஊரில் வாக்கப்பட்டாள் என்பது அவருக்கு ரேஷன் கடைக்காரரைவிட நன்றாகத் தெரியும். ஈஸ்வரி என்றதும் எந்த ஈஸ்வரி என்று மூன்று பேரைச் சொன்னார். ஒரு நாள் கழித்து நம்பர் கொடுத்தார். எதுக்குன்னு கேட்டார். ஒரு சோலி இருக்கு என்றேன். பேத்தியிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். நல்லா இருக்கியாத்தா என்று அவர் கேட்க, மதி பணிவாக “ஓம் தாத்தா” என்றாள். பிள்ளை பக்தியா வளருது என்று என்னிடம் சந்தோஷப்பட்டார். பல வருடமாக இதே சந்தோஷம். நான் கெடுக்கவில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டேன். ஈஸ்வரிக்கு இப்போது இருபத்தாறு வயதுக்கு மேல். கல்யாணமாகி, ஒரு குழந்தை. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிற வேலை. ஞாயிறு என்பதால் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் யார் என்று சொன்னதும் என் பெயரை ஒரு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள்.

“மாத்திரை அக்காவா? நாக்க நீட்டச் சொல்லுவீகளே.”

நடந்ததைச் சொன்னேன். அறிக்கை, அதன் முடிவு, மாத்திரை நின்றது, என் ஏடு. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அந்த வகுப்பில் மலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான் செய்தார்கள் என்றாள். சப்பி, துப்பட்டாவில் துடைத்து, வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்களாம். மாத்திரை நின்றது தங்களால்தான் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது என்றாள். உங்களால் இல்லை, என்னால் என்றேன். இதை நான் எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டேன்.

“எழுதுங்கக்கா. இப்பத்தான் என்ன, என்னைய பள்ளிக்கூடத்த விட்டா அனுப்பப் போறாக?” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “எங்கம்மாட்ட மட்டும் சொல்லிராதீக. நீங்க குடுத்து விட்டதுன்னுதான் சொல்லிருக்கேன். எனக்குக் குடுத்த மாத்திரைன்னு தெரிஞ்சிருந்தா அது வாயில வச்சிருக்குமா?”

அதற்குள் யாரது என்று கேட்டபடி அவள் அம்மா வெள்ளையம்மாள் போனை வாங்கிவிட்டார். இன்னமும் மலைக்குப் போகிறவர். தூரத்து ஆளிடம் பேசுகிற சத்தத்தில் பேசினார்.

“பெருமாளண்ணே மகளா? நல்லாருக்கியாத்தா. நீ எம் மக கையில வாராவாரம் ஒரு வெள்ள மாத்திரை குடுத்து விடுவேல்ல. அத முழுங்குன வருசம் மலையில நான் ஒருக்காகூட விழுகலத்தா. எங்க போனாலும் உன்னைய நெனச்சுக்கிருவேன்.”

வெள்ளை மாத்திரை என்றுதான் சொன்னார். அவர் அதை ஒரு தடவைகூட நீலமாகப் பார்த்ததில்லை.

சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கோங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். வெட்கமாக இருந்தது. பன்னிரண்டு வருடமாக ஒரு மனுஷி, நான் செய்யாத ஒன்றுக்காக என்னை வாழ்த்திக்கொண்டிருந்திருக்கிறார். குளியலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். வாரம் ஒரு மாத்திரையால்தான் அவர் விழாமல் இருந்தார் என்று என் படிப்பு சத்தியம் செய்யாது. ஆனால் அவர் விழவில்லை என்பது நடந்தது.

இந்தக் குறிப்பில் அவர்கள் இருவர் பெயரையும் மாற்றியிருக்கிறேன். அந்த அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் எங்கள் பக்கத்து ஊர்களில் யாராவது இதை அவருக்கு வாசித்துக் காட்ட நேர்ந்தால், இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

6

திங்கட்கிழமை பெரித்தின் அறைக்குப் போனேன். சொல்ல வேண்டியதை முந்தின நாளே நார்வேஜிய மொழியில் எழுதி வைத்துக்கொண்டேன். எனக்குப் பதற்றம் வந்தால் இந்த மொழியில் வினைச்சொல் எங்கே நிற்கும் என்பது மறந்துபோகும். ஒரு முறை பிள்ளையின் காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போனில் பேசி, காய்ச்சல் எனக்கு என்று பதிவாகி, எனக்கு மருந்து வந்தது.

பெரித் முழுக்கக் கேட்டார். முகத்தில் இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை.

“எத்தனை பேரிடம் நீ கண்ணால் பார்த்தாய்?” என்று கேட்டார்.

ஒரே ஒருத்தியிடம் என்றேன். மற்றவர்களைப் பற்றி அவள் சொல்லக் கேட்டதுதான்.

அப்படியானால் பார்த்ததைப் பார்த்ததாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் எழுது, ஊகத்தை எழுதாதே என்றார். அறிக்கையைத் திறந்த அன்றே நீ இதிலிருந்து விலகியிருக்க வேண்டும், நான்கு நாள் தாமதித்தது தவறு என்றும் சொன்னார். அது சரிதான். அந்த அறிக்கையை மதிப்பிடுகிற வேலையை வேறொருவருக்கு மாற்றினார். என் கடிதத்தின் நகல் அந்தத் தொண்டு நிறுவனத்துக்கும் போக வேண்டும் என்றார். கடிதம் வந்தால் அறிக்கை ‘பலன் இல்லை’ பத்தியில் நிற்க முடியாது, ‘தீர்மானிக்க இயலாது’ என்று தனியாகப் போகும், மறுபடி முயன்று பார்க்க நினைக்கிறவர்களுக்கு வழி அடைபடாது என்றார். என் ஒப்பந்தத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இதை எழுதுகிற இன்றுவரை எனக்கு எதுவும் தெரியாது.

நான் எழுந்தபோது, முழுப் பெயரோடு கையெழுத்துப் போடு என்றார்.

7

அன்று நாலே முக்காலுக்கு வீட்டில் இருந்தேன். கதவைத் திறந்த மதி, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். சாப்பிட வந்தேன் என்றதும் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எனக்கு ஐந்து மணிக்குப் பசிக்கவே இல்லை. இருந்தும் சோற்றையும் பருப்பையும் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன்.

அவள் பள்ளிக் கணக்கெடுப்பைப் பற்றி ஆசிரியையிடம் கேட்டாளாம். பெயர் இல்லாததால் இனி அந்தப் பதிலை எடுக்கவோ திருத்தவோ முடியாதாம். அது ஏழு என்றே இருக்கும் என்று வருத்தமாகச் சொன்னாள். எனக்கும் அப்படி ஒரு ஏடு இருக்கிறது என்று சொல்லி, நீல நாக்கின் கதையை அவளுக்குச் சொன்னேன். கங்காணி என்றால் யார், அட்டை என்றால் என்ன என்று இடையிடையே விளக்க வேண்டியிருந்தது. அறுபது பிள்ளைகள் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றதற்குச் சிரித்தாள். வெள்ளையம்மாள் போனில் சொன்னதற்குச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

“அப்ப அந்த மாத்திரை வேலை செய்திருக்குத்தானே அம்மா?”

தெரியாது, இருக்கலாம், நாங்கள் பிள்ளைகளின் ரத்தத்தைத்தான் பார்த்தோம் என்றேன்.

“ஏன் அம்மாமாரின்ர ரத்தத்தைப் பார்க்கேல்லை?”

எங்கள் படிவத்தில் அம்மாக்களுக்குக் கட்டமே கிடையாது என்றேன்.

“பேனை உங்கட கையிலதானே இருந்தது. ஒரு கட்டம் கீறியிருக்கலாமே,” என்றாள். குற்றம் சொல்கிற குரலே இல்லை. கோடு போட்ட தாளில் இடம் போதாவிட்டால் இன்னொரு கோடு போட்டுக்கொள்வது போல அவளுக்கு அது சாதாரணமாக இருந்தது. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் கடிதத்தை எடுத்தேன். பார்த்ததைப் பார்த்ததாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் எழுதியிருந்தேன். அதன் கீழே, யாரும் கேட்காத ஒரு பத்தியைச் சேர்த்தேன். மாத்திரை யாரைப் போய்ச் சேர்ந்ததோ அந்தத் தாய்மார்களை யாரும் பரிசோதிக்கவில்லை. இனி யாராவது அந்தப் பள்ளிகளுக்கு மாத்திரை கொண்டுபோனால், பிள்ளைக்கு ஒன்றும் வீட்டில் மலைக்குப் போகிற அம்மாவுக்கு ஒன்றுமாகக் கொண்டுபோக வேண்டும். அவர்களில் ஒரு தாய் அந்த வருடம் மலையில் ஒரு முறைகூட விழவில்லை என்று சொல்கிறார். அவர் சொன்னதை என்னால் முடிந்தவரை மொழிபெயர்த்திருக்கிறேன்.

கவிதா பெருமாள் என்று கையெழுத்துப் போட்டேன். பெரித்துக்கு அனுப்பியபோது மணி நாலு பத்து. கணினியை மூடிவிட்டு டிராமைப் பிடிக்க ஓடினேன். ஞாயிறும் திங்களும் போக, மதி குறித்துக் கொடுத்த ஏழில் இது மூன்றாவது நாள்.